நினைவகத்தை இரட்டிப்பாக்கிய பிறகும் "நினைவகம் நிறைந்துவிட்டது" என்கிறது பழைய நிரல்

#1 இலைக்குறிப்பு

அனைவருக்கும் வணக்கம். பதிவு நீண்டுவிட்டது, பொறுத்துக்கொள்ளுங்கள். சுருக்கினால் தேவையான விவரம் விடுபட்டுவிடுமோ என்று பயமாக இருக்கிறது.

என் தந்தை தாவரவியல் ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். 1994 முதல் தம் குறிப்புகளையெல்லாம் இரண்டு நிரல்களில் சேர்த்து வைத்திருக்கிறார். முதலாவது, விண்டோஸுக்கு முந்தைய டாஸ் இயங்குதளத்துக்காக எழுதிய, நீலத் திரையில் ஓடும் நிரல். செடியின் பெயர், குடும்பம், கண்ட நாள், குறிப்பு என்று 11,000க்கும் மேற்பட்ட அட்டைகள் அதில் உள்ளன. அவருடைய மாணவர் ஒருவர் எழுதித் தந்தது. இரண்டாவது 1998இல் வாங்கிய விண்டோஸ் படத்தொகுப்பு நிரல். செடிகளின் படங்களும் அவற்றுக்கு அவர் எழுதிய விளக்கங்களும் அதில் இருக்கின்றன. 32 பிட் விண்டோஸ் 7 போட்டிருந்த பழைய கணினியில் இரண்டும் ஒரு குறையும் இல்லாமல் ஓடின. சென்ற மாதம் அதன் மதர்போர்டு செயலிழந்தது. வன்தட்டு பிழைத்துக்கொண்டது.

அவருக்காகப் புதிய மடிக்கணினி வாங்கினேன். விண்டோஸ் 11, 8 ஜிபி நினைவகம். இரண்டு நிரல்களையும் அதில் நகலெடுத்தேன். டாஸ் நிரலைச் சொடுக்கினால் "இந்த நிரலை உங்கள் கணினியில் இயக்க முடியாது" என்கிறது. படத்தொகுப்பு திறக்க முயன்று, "கணினியின் நினைவகம் நிறைந்துவிட்டது" என்று சொல்லி மூடிக்கொள்கிறது. நினைவகம் போதவில்லை என்று நம்பி இன்னொரு 8 ஜிபி வாங்கிப் பொருத்தினேன். இப்போது 16 ஜிபி. அதே செய்தி மறுபடியும் வருகிறது.

நான் பொருத்தியதில் பிழையா? நினைவகத்தைத் திருப்பிக் கொடுத்துவிடலாமா? அப்பா தினமும் காலையில் வந்து "திறந்ததா?" என்று கேட்கிறார்.

#2 கல்லச்சு

முதலில் பொருத்தியது சரியா என்று பார்த்துவிடலாம். டாஸ்க் மேனேஜரைத் திறந்து, பெர்ஃபார்மன்ஸ் பகுதியில் மெமரியைத் தேர்ந்தெடுங்கள். மொத்த அளவு, வேகம், எத்தனை இடங்களில் எத்தனை நிரம்பியுள்ளன என்பதெல்லாம் அங்கேயே இருக்கும். 16 ஜிபி என்று காட்டினால் உங்கள் கைவேலை சரி.

இந்த இழையைப் பார்த்து யாராவது நினைவகம் வாங்கக் கிளம்பலாம், அவர்களுக்காக ஒன்று. டிடிஆர்3, டிடிஆர்4, டிடிஆர்5 ஆகிய நினைவக வகைகளில் ஒன்றுக்குப் பதில் இன்னொன்றைப் போட முடியாது. மடிக்கணினி நினைவகத்தில் முறையே 204, 260, 262 ஊசிகள். வெட்டுப்பள்ளம் இருக்கும் இடமும் மாறும். மின்னழுத்தமும் 1.5, 1.2, 1.1 வோல்ட் என்று குறைந்துகொண்டே வந்திருக்கிறது. தவறான வகை உள்ளே போகாது. போகவில்லையே என்று அழுத்தினால் பொருத்துவாய் உடையும். நான் ஒருமுறை அப்படி உடைத்து ஒரு நல்ல பலகையை இழந்திருக்கிறேன். இன்னொன்று, பல மெல்லிய மடிக்கணினிகளில் நினைவகம் பலகையோடு பற்றவைக்கப்பட்டிருக்கும். அவற்றில் பிறகு கூட்டவே வழியில்லை. வாங்கும் முன் கையேட்டைப் பாருங்கள்.

#3 மின்தறி

இலைக்குறிப்பு, நினைவகத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டாம். அது வேறு வகையில் பயன்படும். ஆனால் உங்கள் இரண்டு சிக்கல்களுக்கும் காரணம் நினைவகப் பற்றாக்குறை அன்று. இரண்டும் தனித்தனி நோய்கள், மருந்தும் தனித்தனி.

படத்தொகுப்பிலிருந்து தொடங்குகிறேன். 1998இல் எழுதப்பட்ட நிரல் தொடங்கும்போது "எவ்வளவு நினைவகம் இருக்கிறது?" என்று விண்டோஸிடம் கேட்கும். விடையை வாங்கி வைக்க 32 பிட் இடம், அதாவது 0 அல்லது 1 என்ற 32 இலக்கங்களுக்கான இடம், ஒதுக்கியிருப்பார்கள். நேர்மமாகவோ எதிர்மமாகவோ இருக்கக்கூடிய, குறி உள்ள எண்ணாகக் கொண்டால் அந்த இடத்தில் அடங்கக்கூடிய மிகப் பெரிய எண் 2,147,483,647. பைட்டுகளாகப் பார்த்தால் 2 ஜிபி. அதைத் தாண்டிய எண் அங்கே எதிர்ம எண்ணாகத் தெரியும். நிரல் கேட்கும் பழைய அழைப்பு, 4 ஜிபிக்கு மேல் உள்ள கணினியில் தவறான விடை தரலாம் என்றும், அளவு மீறியதைக் குறிக்க −1 என்று திருப்பலாம் என்றும் மைக்ரோசாஃப்ட் ஆவணமே சொல்கிறது. தனக்கு 16 எம்பி வேண்டும் என்று காத்திருக்கும் நிரலின் கண்ணுக்கு −1 என்பது 16ஐவிடச் சிறியது. "நினைவகம் இல்லை" என்று மூடிக்கொள்கிறது. உங்கள் கணினியில் நினைவகம் மிகுதியாக இருப்பதுதான் அதற்குத் தடை. மேலும் 8 ஜிபி சேர்த்தபோது அது தவறாகப் படிக்கும் எண் இன்னும் பெரிதானது, அவ்வளவே.

இது புதிய நோயும் அன்று. விண்டோஸ் 95, 98 இரண்டிலும் 512 எம்பிக்கு மேல் நினைவகம் போட்டால், "விண்டோஸைத் தொடங்கப் போதிய நினைவகம் இல்லை" என்ற செய்தி வரக்கூடும். கோப்புகளைத் தற்காலிகமாக வைத்திருக்கும் இடைமாற்றகம் அளவுக்கு மீறிப் பெருத்து, விண்டோஸ் கையாளக்கூடிய முகவரிவெளியை விழுங்கிவிடுவதுதான் காரணம். நினைவகத்தைக் கூட்டியவர்கள்தான் அந்தச் செய்தியைக் கண்டார்கள்.

முதலில் செய்ய வேண்டியது: நிரலின் கோப்பை வலச்சொடுக்கி, பண்புகளில் பொருந்துநிலைப் பக்கத்துக்குப் போய், விண்டோஸ் 98 என்று தேர்ந்தெடுத்து இயக்கிப் பாருங்கள். அதற்கும் மசியவில்லை என்றால் இங்கே சொல்லுங்கள், அடுத்த வழி இருக்கிறது.

டாஸ் நிரலின் கதை வேறு. இஎக்ஸ்இ என்று முடியும் அதன் இயக்கக் கோப்பின் நகல் ஒன்றை நோட்பேடில் திறந்து, தொடக்கத்தில் கண்ணுக்குத் தென்படும் எழுத்துகளைச் சொல்லுங்கள்.

#4 இலைக்குறிப்பு

உடனே உதவிய இருவருக்கும் நன்றி.

டாஸ்க் மேனேஜர் 16 ஜிபி, இரண்டு இடங்களும் நிரம்பியுள்ளன என்று காட்டுகிறது. வேகம் மட்டும் 2666. நான் வாங்கியது 3200. இதில் ஏதும் கோளாறா?

படத்தொகுப்பை விண்டோஸ் 98 நிலையில் வைத்துப் பார்த்தேன். மாற்றம் இல்லை, அதே செய்திதான்.

நோட்பேடில் டாஸ் நிரலின் தொடக்கத்தில் எம், இசட் என்ற இரண்டு ஆங்கில எழுத்துகள் இருக்கின்றன. பிறகு வெறும் குப்பைக் குறிகள். படத்தொகுப்பையும் திறந்து பார்த்தேன். அதிலும் அதே எம், இசட் இருக்கிறது. ஆனால் சற்றுத் தள்ளி "இந்த நிரலை டாஸ் நிலையில் இயக்க முடியாது" என்ற பொருள் தரும் வரியும், அதன் பின்னால் பி, இ என்ற எழுத்துகளும் இருக்கின்றன.

#5 கல்லச்சு

வேகத்தைப் பற்றிக் கவலை வேண்டாம். பழையது 2666, புதியது 3200 என்றால் இரண்டும் மெதுவானதன் வேகத்துக்கே இறங்கி ஓடும். இரண்டு இடத்திலும் சம அளவு இருப்பதால் இரண்டையும் ஒரே நேரத்தில் அணுகும் இரட்டைத் தடத்தில் இயங்கும், அது நல்லது. இன்று இரவு விண்டோஸோடு வரும் நினைவகச் சோதனையை ஒருமுறை ஓட விடுங்கள். புதிதாக நினைவகம் போட்ட எவரும் இதைத் தவிர்க்கக் கூடாது. பழுதுள்ள நினைவகம் உடனே காட்டிக்கொடுக்காது. கோப்புகளை ஓசையில்லாமல் கெடுத்துக்கொண்டே இருக்கும். உங்கள் தந்தையின் அட்டைகள் அதில் சிக்கக் கூடாது.

#6 மின்தறி

நீங்கள் தந்த விவரம் போதும். பி, இ எழுத்துகள் இருந்தால் அது 32 பிட் அல்லது 64 பிட் விண்டோஸ் நிரல். அந்த இடத்தில் என், இ இருந்தால் விண்டோஸ் 3 காலத்து 16 பிட் நிரல். இரண்டும் இல்லாமல் எம், இசட் மட்டும் இருந்தால் பெரும்பாலும் நேரான டாஸ் நிரல். உங்களுடையது இந்தக் கடைசி வகை.

இதைப் புதிய விண்டோஸ் நேரடியாக இயக்காது. என்ன அமைப்பை மாற்றினாலும் இயக்காது. 1985இல் வந்த 80386 செயலியில், பழைய 8086 செயலிபோல நடந்துகொள்ளும் மெய்நிகர் 8086 என்றொரு நிலை இருந்தது. 32 பிட் விண்டோஸ் அதன் துணையோடுதான் டாஸ் நிரல்களை ஓட்டியது. செயலி 64 பிட் நிலைக்குப் போனபின் அந்த வசதி கிடைப்பதில்லை. ஆகவே 64 பிட் விண்டோஸிலிருந்து டாஸ் துணைப்பகுதியையே எடுத்துவிட்டார்கள். விண்டோஸ் 10 வரை 32 பிட் பதிப்பு இருந்தது. விண்டோஸ் 11இல் 64 பிட் மட்டும்தான்.

உங்களுக்கான வழி டாஸ்பாக்ஸ்-எக்ஸ். பழைய கணினியைச் செயலி முதல் விசைப்பலகை வரை மென்பொருளாலேயே நடித்துக் காட்டும் நிரல் இது. மூல டாஸ்பாக்ஸ் விளையாட்டுகளை மனத்தில் வைத்து உருவானது. டாஸ்பாக்ஸ்-எக்ஸ் அச்சிடுதல் போன்ற அலுவல் தேவைகளையும் கவனிக்கிறது. இயல்பாக அது தரும் நினைவகம் 16 எம்பி. அதைக் கூட்டாதீர்கள். டாஸ் நிரலுக்கு உண்மையில் கணக்கு அந்தப் பழைய 640 கேபி நினைவக எல்லைதான். உங்கள் 16 ஜிபி அதற்குத் தெரியாது, தெரியவும் வேண்டாம்.

தரவுக் கோப்புறையை முழுதாக நகலெடுத்து, அந்த நகலை மட்டும் டாஸ்பாக்ஸ்-எக்ஸில் சி இயக்ககமாக இணையுங்கள். பழைய வன்தட்டில் இருப்பதைத் தொடவே வேண்டாம்.

படத்தொகுப்புக்கு அடுத்த வழி இது. மைக்ரோசாஃப்ட் தரும் விண்டோஸ் ஏடிகே என்ற கருவித் தொகுப்பில் கம்பேட்டிபிலிட்டி அட்மினிஸ்ட்ரேட்டர் என்ற கருவி உண்டு. அதன் 32 பிட் பதிப்பைத் திறந்து, உங்கள் நிரலுக்கு குளோபல்மெமரிஸ்டேட்டஸ்லை என்ற திருத்தத்தைச் சேருங்கள். பெயரின் கடைசியில் உள்ள "லை" பொய் என்ற பொருளில்தான் இருக்கிறது. நினைவகத்துக்குத் துணையாக விண்டோஸ் வட்டில் வைத்திருக்கும் இடமாற்றுக் கோப்பு உண்மையில் எவ்வளவு பெரிதாக இருந்தாலும், 400 எம்பி என்று நிரலிடம் சொல்லிவிடும். "கணினி நினைவகம் நிறைந்தது" என்று தொடக்கத்திலேயே நின்றுவிடும் நிரல்களுக்காகவே செய்யப்பட்ட திருத்தம் அது. உங்கள் செய்தியும் ஏறக்குறைய அதே சொற்களில் இருப்பதால் எனக்கு நம்பிக்கை அதிகம். 2ஜிபி என்று முடியும் பெயரில் அதன் உடன்பிறப்பு ஒன்றும் பட்டியலில் இருக்கும். முதலாவது பலிக்காவிட்டால் அதைப் போட்டுப் பாருங்கள்.

#7 பனியோடை

மின்தறி ஐயா சொன்ன காரணங்கள் அனைத்தும் சரி. ஆனால் வழியில் எனக்கு மாற்றுக் கருத்து உண்டு. இரண்டு நிரலுக்கு இரண்டு மருத்துவம் எதற்கு? கணினிக்குள் மென்பொருளாலேயே இன்னொரு கணினி, அதாவது ஒரு மெய்நிகர் இயந்திரத்தை அமைத்து, அதில் 32 பிட் விண்டோஸ் எக்ஸ்பியைப் போட்டால் இரண்டும் ஒரே இடத்தில் ஓடும். உங்கள் தந்தைக்கும் பழைய கணினி திரும்பி வந்ததுபோல இருக்கும். கணினியின் அடிப்படை அமைப்பான பயாஸில் மெய்நிகராக்க வசதியை இயக்கி வையுங்கள். இன்டெலில் விடி-எக்ஸ், ஏஎம்டியில் எஸ்விஎம் என்ற பெயரில் இருக்கும்.

நீங்கள் வாங்கிய நினைவகம் இங்கேதான் உதவும். 8 ஜிபியில் விண்டோஸ் 11உம் உலாவியும் ஓடிக்கொண்டிருக்க, உள்ளே இன்னொரு கணினியையும் ஓட்டினால் மூச்சு முட்டும். 16 ஜிபியில் தாராளம். ஆனால் இருக்கிறதே என்று எக்ஸ்பிக்கு 8 ஜிபியை ஒதுக்காதீர்கள். 32 பிட் எக்ஸ்பிக்கு 4 ஜிபிக்கு மேல் எட்டாது. அதற்கு மைக்ரோசாஃப்ட் பரிந்துரைத்ததே 128 எம்பிதான். 1 ஜிபி கொடுத்தால் பறக்கும்.

இரண்டு நிபந்தனைகள் உண்டு. உங்களிடம் எக்ஸ்பிக்கு முறையான உரிமம் இருக்க வேண்டும். அதை இணையத்தோடு இணைக்கவே கூடாது. அதற்கான ஆதரவு 2014 ஏப்ரலிலேயே நின்றுவிட்டது.

#8 மின்தறி

பனியோடை, உங்கள் வழி பல இடங்களில் சிறந்தது. அச்சுப்பொறி இணைப்புத் துளையில் பூட்டுச்சாவி போன்ற கருவியைச் செருகினால்தான் ஓடும் நிரல்களும், தனி இயக்கி கேட்கும் பழைய வருடிகளும் இருந்தால் நானும் முதலில் மெய்நிகர் இயந்திரத்தைத்தான் நினைப்பேன். ஆனால் இங்கே பயன்படுத்தப்போவது முதியவர். கணினியைத் தொடங்கி, அதற்குள் இன்னொரு கணினியைத் தொடங்கி, இரண்டையும் முறையாக அணைக்க வேண்டும். இந்த நான்கு படிகளில் ஒன்று தவறினாலும் கோப்பு கெடலாம். டாஸ்பாக்ஸ்-எக்ஸ் என்றால் முகப்புத் திரையில் ஒரு சின்னம், ஒரே சொடுக்கு. அதனால்தான் அதைச் சொன்னேன்.

#9 நள்ளிரவுக் கூவல்

இடையில் வந்து ஒரு சிறு குறிப்பு. டர்போ பாஸ்கல் என்ற பழைய நிரலாக்கக் கருவியில் எழுதிய டாஸ் நிரலாக இருந்தால் "ரன்டைம் பிழை 200" என்று வந்து நிற்கலாம். தொடக்கத்தில் கணினியின் வேகத்தை அளக்கும் பகுதி, வேகமான செயலியில் எண் அளவுமீறிப் பிழையாகிவிடும். டாஸ்பாக்ஸில் செயலியின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் சைக்கிள்ஸ் அளவைக் குறைத்தால் சரியாகும். என் பழைய நிரலை அப்படித்தான் மீட்டேன்.

#10 எண்சுவடி

எல்லோரும் திரையைக் காப்பாற்றுவதைப் பற்றிப் பேசுகிறீர்கள். தரவைப் பற்றி யாரும் பேசவில்லையே என்று எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது.

இலைக்குறிப்பு, அந்தக் கோப்புறையில் டிபிஎஃப் என்று முடியும் கோப்புகள் இருக்கின்றனவா பாருங்கள். அந்தக் காலத்தில் மாணவர்களும் சிறு அலுவலகங்களும் எழுதிய அட்டவணை நிரல்களில் பல, டிபேஸ் என்ற தரவுத்தள மென்பொருளின் வகைக் கோப்புகளையே பயன்படுத்தின. இருந்தால் உங்கள் தந்தையின் உழைப்பு அந்த நிரலோடு கட்டுண்டு கிடக்கவில்லை. லிபரேஆஃபிஸ் கால்க் என்ற விரிதாள் மென்பொருள் அதை நேராகத் திறக்கும். திறக்கும்போது எழுத்துக் குறிமுறை கேட்கும், டாஸ் காலத்துக் குறிமுறையைத் தேர்ந்தெடுங்கள்.

மிகக் கவனமாக இருக்க வேண்டிய இரண்டு இடங்களைச் சொல்கிறேன். நீண்ட குறிப்புகள் டிபிஎஃப் கோப்பில் இருக்காது. அதே பெயரில் டிபிடி அல்லது எஃப்பிடி என்று முடியும் துணைக் கோப்பில் இருக்கும். அதை விட்டுவிட்டு நகலெடுத்தால் பெயர்கள் வரும், குறிப்புகள் வராது. முப்பது ஆண்டுக் குறிப்புகளை ஒருவர் அப்படித் தொலைத்ததை அருகிலிருந்து பார்த்தேன். அந்த வருத்தம் இன்னும் போகவில்லை. அடுத்து, கால்க்கில் திறந்ததை அதே கோப்பில் சேமிக்காதீர்கள். எந்த அட்டை எங்கே என்று காட்டும் வரிசைச் சுட்டிகள் தனிக் கோப்புகளில் இருக்கின்றன. அவை அறியாமல் அட்டைகளை மாற்றினால், டாஸ் நிரல் ஒன்றைத் தேடி வேறொன்றை எடுத்துக் காட்டும். நகலில் திறந்து, வேறு வடிவத்தில் சேமித்து வையுங்கள்.

திரை ஓடும்வரை ஓடட்டும். தரவு அதற்கு முன்பே வெளியே வந்துவிட வேண்டும்.

#11 இலைக்குறிப்பு

மூன்று நாள் கழித்து வருகிறேன். இரவு முழுக்க ஓடிய நினைவகச் சோதனையில் பிழை ஏதும் இல்லை.

டாஸ்பாக்ஸ்-எக்ஸில் நீலத் திரை வந்துவிட்டது! முழுத்திரை அமைப்பைத் தேர்ந்தெடுத்ததும் திரை முழுக்க விரிந்தது. அப்பா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தவர் ஒரு மணி நேரம் எழவில்லை. எஃப்2, எஃப்5 என்று விரல்கள் தாமாகவே போயின. எக்ஸ்பி வழியை நான் அவரிடம் விளக்கத் தொடங்கியபோது, "எனக்கு இது போதும்" என்றார். பனியோடை மன்னிக்க வேண்டும்.

எண்சுவடி சொன்னதுபோல டிபிஎஃப் கோப்புகளும் பக்கத்திலேயே டிபிடி கோப்பும் இருந்தன. நகலைக் கால்க்கில் திறந்தேன். 11,282 வரிகள். பெயர் முதலிய புலங்களைத் தனியாகச் சேமித்துவிட்டேன். நீண்ட குறிப்புகளும் முழுதாக வந்தனவா என்று இனிதான் ஒப்பிட வேண்டும்.

படத்தொகுப்பும் திறந்துவிட்டது. மின்தறி சொன்ன அந்தப் பொய்த் திருத்தம் முதல் முயற்சியிலேயே பலித்தது. ஆனால் ஒரு பெருங்கவலை. படங்களின் விளக்கங்கள் 2011 வரை மட்டுமே இருக்கின்றன. அதன் பிறகு அப்பா எழுதியவை எங்கேயும் காணோம். கோப்புறையை நூறு முறை பார்த்துவிட்டேன். நகலெடுக்கும்போது நான் அழித்துவிட்டேனா? அவரிடம் இன்னும் சொல்லவில்லை.

#12 மின்தறி

நீங்கள் அழிக்கவில்லை. பழைய வன்தட்டைத் தூக்கிப் போடாமல் இருந்தீர்களே, அதுவே பெரிய காரியம்.

2011 வாக்கில்தான் பழைய கணினியில் விண்டோஸ் 7 போட்டீர்களா? அப்படியானால் விடை இதுதான். 1998இன் நிரல்கள் தம் தரவைத் தாம் நிறுவப்பட்ட புரோகிராம் ஃபைல்ஸ் கோப்புறையிலேயே எழுதும். விஸ்டா முதல் விண்டோஸ் அதற்குச் சாதாரணப் பயனரை அனுமதிப்பதில்லை. ஆனால் மறுத்தால் பழைய நிரல்கள் நின்றுவிடும் என்பதால், எழுதுவதை அமைதியாக வேறோர் இடத்துக்குத் திருப்பிவிடும். நிரலுக்கு இந்த மாற்றம் தெரியாது. அந்த இடம் பயனரின் கோப்புறைக்குள் ஆப்டேட்டா, அதற்குள் லோக்கல், அதற்குள் விர்ச்சுவல்ஸ்டோர். ஆப்டேட்டா மறைக்கப்பட்ட கோப்புறை, ஆகவே மறைந்தவற்றைக் காட்டும் அமைப்பை இயக்குங்கள். அங்கே புரோகிராம் ஃபைல்ஸ் என்ற பெயரிலேயே ஒரு கோப்புறையும், அதனுள் உங்கள் நிரலின் பெயரும் இருக்கும்.

கிடைத்ததும் புதிய கணினியில் படத்தொகுப்பைப் புரோகிராம் ஃபைல்ஸுக்கு வெளியே, சி இயக்ககத்தில் தனிக் கோப்புறையில் வையுங்கள். அதன்பின் இந்தக் கண்ணாமூச்சி இருக்காது.

#13 பனியோடை

மன்னிக்க ஒன்றுமில்லை. உங்கள் தந்தை எழாமல் உட்கார்ந்திருந்ததைப் படித்தபோது எனக்கும் நிறைவாக இருந்தது. பழைய வன்தட்டை முழுதாக, உள்ளது உள்ளபடி ஒரே படிமக் கோப்பாக எடுத்து வேறொரு வட்டில் வைத்துவிடுங்கள். வயதான தட்டு, எத்தனை முறை சுழலும் என்று சொல்ல முடியாது. இன்றே செய்யுங்கள்.

#14 இலைக்குறிப்பு

கிடைத்துவிட்டது. விர்ச்சுவல்ஸ்டோரில் ஒன்றும் குறையாமல் இருந்தது. 2011 அக்டோபர் முதல் கணினி நின்றுபோன நாள் வரை எழுதிய அத்தனை விளக்கங்களும் இருக்கின்றன. கை நடுங்கியது. முதலில் படிமம் எடுத்தேன், பிறகுதான் கோப்புகளைத் தொட்டேன்.

டிபிடி கோப்பில் இருந்த குறிப்புகளில் ஐம்பது அட்டைகளை நீலத் திரையோடு ஒப்பிட்டுப் பார்த்தேன், ஒரு வரியும் விடுபடவில்லை. அச்சிடுவதும் டாஸ்பாக்ஸ்-எக்ஸ் வழியாகவே நடக்கிறது. படத்தொகுப்பின் உதவிப் பக்கங்கள் மட்டும் திறக்கவில்லை. பழைய எச்எல்பி வகையைப் புதிய விண்டோஸ் காட்டுவதில்லை என்று படித்தேன். அப்பாவுக்கு உதவிப் பக்கம் தேவைப்பட்டதே இல்லை, ஆகவே அதை விட்டுவிட்டேன்.

இன்று காலை அவர் 11,283ஆவது அட்டையைத் தட்டச்சு செய்தார். முடித்துவிட்டு என்னைக் கூப்பிட்டு, "இதையும் அந்த இன்னொரு வட்டில் நகலெடுத்துவிடு" என்றார். எடுத்துவிட்டேன்.